சொட்டு விழும் இடமும் கசியும் இடமும்

"பழைய வண்டின்னா ஆயில் சொட்டத்தாங்க செய்யும்." மதுரையில் எந்தப் பட்டறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றாலும் இந்த வார்த்தை காதில் விழும். சொல்பவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. இருபது வருஷ வண்டி, ரப்பரெல்லாம் காய்ந்திருக்கும், ஒன்றை அடைத்தால் இன்னொன்று திறக்கும், அப்பப்போ ஆயில் வாங்கி ஊற்றி ஓட்டிக்கொள்ளுங்கள் என்கிறார். எனக்கு இந்த வார்த்தையோடு ஒத்துப்போகவே முடிந்ததில்லை. வயதானதால் மட்டும் எந்த இன்ஜினும் ஆயில் கசிவதில்லை. ஏதோ ஒரு ரப்பர் காய்ந்திருக்கும், ஏதோ ஒரு போல்ட்டை யாரோ அளவுக்கு மீறி முறுக்கியிருப்பார்கள், ஏதோ ஒரு குழாய் அடைத்திருக்கும். அது எது என்று கண்டுபிடிக்க முடியும். பாதிக்கு மேற்பட்ட கசிவுகளை வீட்டு வாசலிலேயே சரிசெய்யவும் முடியும், இதுவரை ஸ்பேனரே பிடிக்காதவராலும்.

ஆனால் புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் தப்பான முனையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். காலையில் வண்டியை எடுத்ததும் தரையில் கறை தெரிகிறது. குனிந்து பார்த்தால் சம்ப், அதாவது இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி, நனைந்திருக்கிறது. உடனே சம்ப் போல்ட்டை எல்லாம் ஒரு சுற்று முறுக்கி, சுற்றிலும் அனபாண்ட் என்ற அடைப்புப் பசையைப் பூசிவிடுகிறார்கள். நாலு நாளில் மறுபடி அதே இடத்தில் கறை. ஆயில் கீழ்நோக்கித்தான் ஓடும், வண்டி ஓடும்போது ரேடியேட்டர் ஃபேன் காற்றிலும் எதிர்க்காற்றிலும் பின்பக்கமாகவும் சிதறும். அதனால் இன்ஜினில் எங்கே கசிந்தாலும் கடைசியில் அது சம்ப்பின் ஓரத்தில் வந்து கூடித்தான் சொட்டும். தரையில் கிடக்கும் சொட்டு, கசிவு இருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். இடத்தைச் சொல்லாது.

பேச்சுக்கு ஒரு வண்டி வேண்டும் என்பதால் கார்புரேட்டர் மாருதி 800-ஐ வைத்துக்கொள்கிறேன். 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்ற வண்டி. திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டிப் பக்கமெல்லாம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கார் வேலை பழக நினைப்பவர் கைக்கு முதலில் வருவதும் அதுதான். 796 சி.சி., மூன்று சிலிண்டர், பானட்டைத் திறந்தால் கை நுழைய இடம். கீழே சொல்வதில் பெரும்பகுதி மற்றப் பழைய பெட்ரோல் கார்களுக்கும் பொருந்தும்.

வேர்வையா, கசிவா, சொட்டா

பட்டறைத் தமிழில் இதற்கு நல்ல சொற்கள் இருக்கின்றன. "வேர்த்திருக்கு" என்றால் பேக்கிங் (இரண்டு பாகங்களுக்கு நடுவே கசியாமல் வைக்கும் ரப்பர், கார்க் அல்லது காகிதத் துண்டு) ஓரமாகப் புழுதி ஒட்டிக் கறுத்திருக்கிறது, துடைத்துவிட்டால் பல நாளைக்கு ஈரம் வராது. "கசியுது" என்றால் துடைத்த இடம் ஒரு நாள் ஓட்டத்திலேயே நனைந்துவிடுகிறது. "சொட்டுது" என்றால் தரைக்கு வந்துவிட்டது. வேர்வைக்காக எதையும் கழற்றாதீர்கள். நன்றாக உட்கார்ந்திருக்கும் பழைய பேக்கிங்கைக் கலைத்துவிட்டு, அந்த இடத்தைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் புதியதை வைத்தால் வேர்வையாக இருந்தது சொட்டாக மாறும். சொட்டை மட்டும் அலட்சியம் செய்யக் கூடாது. ஏறக்குறைய 20 சொட்டு சேர்ந்தால் 1 மில்லி. நிமிடத்துக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாள் முழுக்க 72 மில்லி, ஒரு மாதத்தில் 2 லிட்டருக்கு மேல். இந்த இன்ஜின் மொத்தமாகக் குடிப்பதே சுமார் 3 லிட்டர்தான். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல் விழும் கசிவு என்றால் அளவு எவ்வளவு குறைவாக இருந்தாலும் அன்றே பார்க்க வேண்டும். கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கும்போது பானட் இடுக்கிலிருந்து நீலப் புகையும் கருகல் வாடையும் வந்தால் அதுதான் அர்த்தம்.

விழுவது இன்ஜின் ஆயில்தானா என்பதையும் முதலில் முடிவுசெய்துகொள்ள வேண்டும். பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து ராத்திரி வண்டிக்கு அடியில் விரித்து, முன் சக்கரங்கள் நிற்கும் இடத்தைப் பேனாவால் குறித்துவிடுங்கள். காலையில் அட்டையே வரைபடமாகிவிடும். கறுப்பாகவோ தேன் நிறமாகவோ வழுவழுப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில். கெட்டியாக, கந்தகம் கலந்த வாடையோடு மூக்கைக் குத்தினால் கியர் ஆயில், அதற்கும் இன்ஜினுக்கும் சம்பந்தமில்லை. பச்சையாகவோ சிவப்பாகவோ தண்ணீர் பதத்தில் இருந்தால் கூலன்ட். சக்கரத்துக்கு உள்பக்கமோ பிரேக் மாஸ்டர் சிலிண்டருக்கு நேர் கீழோ தெளிவான நிறத்தில் விழுந்திருந்தால் பிரேக் ஆயில். அப்படியென்றால் கசிவு வேலையெல்லாம் அப்புறம், வண்டியை நகர்த்தவே கூடாது. டிப்ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி விட்டு எடுத்து அளவையும் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஆயில் நின்றால் ரொம்ப ஊற்றியிருக்கிறார்கள். அதுவே ஆயில் சீல்களில் கசிவைக் கொண்டுவரும்.

கழுவி, காயவைத்து, பவுடர் தூவி

கசிவு வேலையில் முக்கால்வாசி நேரம் கண்டுபிடிப்பதற்குத்தான் போக வேண்டும். கழுவாத இன்ஜினில் கசிவைத் தேடக் கூடாது. நம் ஊர்ப் புழுதியும் ஆயிலும் சேர்ந்து இன்ஜினின் மேல் அரை விரல் கனத்துக்குப் படிந்திருக்கும். அதற்குள் எந்த இடம் புதிதாக நனைகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. இன்ஜின் ஆறிய பிறகு பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்து அனுப்பும் பாகம்), காயில், ஆல்டர்னேட்டர், கார்புரேட்டர் வாய் எல்லாவற்றையும் பாலிதீன் பையால் மூடிக் கட்டுங்கள். கெட்டியாகப் படிந்ததை மரக்கட்டையால் செதுக்கிவிட்டு, மண்ணெண்ணெயோ டீசலோ தொட்டுப் பழைய பெயின்ட் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தேய்க்க வேண்டும். பெட்ரோலை இதற்குத் தொடவே கூடாது. அதன் ஆவி தீப்பொறிக்குக் காத்திருக்கும். பத்து நிமிடம் ஊறவிட்டு, சோப்புத் தண்ணீர் போட்டு, மெதுவாக விழும் குழாய்த் தண்ணீரில் அலசுங்கள். வாட்டர் சர்வீஸ் கடையின் அழுத்தத் தண்ணீரை இன்ஜின் ரூமுக்குள் அடிக்கவிடாதீர்கள். காய்ந்த சீல்களுக்குள்ளும் ஒயர் கனெக்டருக்குள்ளும் தண்ணீர் புகுந்தால் வேறு கதை ஆரம்பிக்கும். சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் பானட்டைத் திறந்து வைத்தால் எல்லாம் காய்ந்துவிடும்.

காய்ந்த பிறகு, சந்தேகப்படும் பாகங்களின் மேல் முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைத் தூவிவிடுங்கள். பஞ்சில் தொட்டு உதறினால் சீராகப் படியும். பெல்ட்டிலும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள்ளும் மட்டும் படக் கூடாது. பிறகு கட்டிய பைகளையெல்லாம் எடுத்துவிட்டு, பேட்டரி கேபிளை மாட்டி, இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டர் ஃபேன் ஒருமுறை சுற்றி நிற்கும்வரை ஐடிலில் விடுங்கள். ஆயில் சூடாகி இளகினால்தான் கசிவு வெளியே வரும். டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து மேலிருந்து பாருங்கள். வெள்ளைப் பவுடரில் முதலில் ஊசிமுனை அளவுக்கு ஒரு புள்ளி கருக்கும். பிறகு அந்தப் புள்ளியிலிருந்து கீழே ஒரு மெல்லிய கோடு இறங்கும், போகப்போக அகலமாகும். கோட்டின் அகன்ற முனையை விட்டுவிட்டு, மேலே குறுகி முடிகிற நுனியைத் தேடுங்கள். கசிவு அங்கேதான். ஐடிலில் எதுவும் தெரியாவிட்டால் அழகர்கோவில் வரை போய்வந்து, 40 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பிறகு பார்க்கலாம். சில சீல்கள் இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது மட்டும்தான் விடும்.

இந்தப் பவுடர் கோடு எவ்வளவு பெரிய செலவைத் தவிர்க்கும் என்பதற்கு மாருதி 800-லேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. கிளட்ச் ஹவுசிங்குக்கு அடியில், இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டு விழும். பார்த்தவுடன் பலரும் சொல்வது, "ரியர் கிராங்க் ஆயில் சீல் போச்சு, கியர்பாக்ஸ் இறக்கணும்" என்பது. கிராங்க் ஷாஃப்ட் கியர்பாக்ஸ் பக்கம் வெளிவரும் இடத்தில் ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம் அது. உண்மையிலேயே அந்தச் சீல் போயிருந்தால் கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். ஆனால் இந்த இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டர் உட்கார்ந்திருப்பதும் அதே பக்கம்தான், சிலிண்டர் ஹெட்டின் கியர்பாக்ஸ் முனையில். கேம் ஷாஃப்ட்தான் அதைச் சுற்றுகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பைச் சுற்றி ஓர் ஓ ரிங். அது உட்காரும் கேஸுக்கும் ஹெட்டுக்கும் இடையில் ஒரு பேக்கிங். இரண்டும் இன்ஜின் சூட்டில் கிடந்து காய்ந்து இறுகுகின்றன. அங்கே கசியும் ஆயில் பிளாக்கின் முதுகோடு ஒட்டி இறங்கி, கிளட்ச் ஹவுசிங்கின் மேல் விழுந்து, சுற்றிவந்து அடியில் சொட்டுகிறது. கீழே படுத்துப் பார்ப்பவருக்கு அது கிராங்க் சீல் கசிவு மாதிரியேதான் தெரியும். மேலே பவுடர் தூவிப் பார்த்தவருக்கு டிஸ்ட்ரிபியூட்டர் அடியில் தொடங்கும் கோடு தெரியும். கீழிருந்து பார்த்தவர் சொல்வது இரண்டு நாள் பட்டறை வேலை. மேலிருந்து பார்த்தவருக்கு அது ஒரு ரப்பர் வளையம். கியர்பாக்ஸை இறக்கி, கிராங்க் சீலை மாற்றி, மறுபடி ஏற்றிய பிறகும் அதே சொட்டு விழுந்துகொண்டிருந்தால் வண்டிக்காரர் என்ன நினைப்பார்? பழைய வண்டின்னா சொட்டத்தான் செய்யும் என்ற முடிவுக்கு வருவார். அந்த வார்த்தை இப்படித்தான் ஊரில் நிலைத்துப்போனது என்பது என் எண்ணம்.

ஓ ரிங்கை மாற்ற டிஸ்ட்ரிபியூட்டரை உருவ வேண்டும். உருவுவதற்கு முன் மூடியைத் திறந்து, ரோட்டர் முனை எந்தத் திசையைக் காட்டுகிறது என்று டிஸ்ட்ரிபியூட்டர் விளிம்பில் நெயில் பாலிஷால் ஒரு கோடு போடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பும் கேஸும் சேரும் இடத்தில் குறுக்காக இன்னொரு கோடு. போனில் படமும் எடுத்துக்கொள்ளலாம். கியரின் பற்கள் சாய்வாக இருப்பதால் வெளியே இழுக்கும்போது ரோட்டர் கொஞ்சம் திரும்பும். திரும்பி நின்ற இடத்தையும் குறித்துவையுங்கள், திரும்ப நுழைக்கும்போது அங்கே தொடங்கினால்தான் பழைய கோட்டில் வந்து நிற்கும். வெளியே இருக்கும்போது யாரும் சாவியைத் திருப்பக் கூடாது, கியரில் போட்டு வண்டியைத் தள்ளவும் கூடாது. புது ஓ ரிங்கில் இன்ஜின் ஆயிலைத் தடவி நுழைக்க வேண்டும். உலர்ந்த ஓ ரிங் நுழையும்போதே மடங்கிக் கிழிந்துவிடும். கோட்டுக்குக் கோடு வைத்துப் போல்ட்டை இறுக்கினாலும், டைமிங் லைட் வைத்திருக்கும் பட்டறையில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. மூடிக்கு உள்ளேயே ஆயில் ஈரம் இருந்தால் போயிருப்பது உள்ளே ஷாஃப்ட்டில் இருக்கும் சீல். வெளி ஓ ரிங்கை மாற்றி அது தீராது.

பேக் கம்ப்ரஷனைப் பார்க்காமல் பேக்கிங் வாங்காதீர்கள்

ஒரே நேரத்தில் மூன்று நாலு இடத்தில் கசிந்தால் எல்லாப் பேக்கிங்கும் ஒன்றாகக் காய்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். உள்ளே அழுத்தம் கூடியிருக்கிறது. பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கிராங்க் கேஸுக்குள் இறங்குவது எந்த இன்ஜினிலும் உண்டு. அதை வெளியே இழுத்து மறுபடி எரியவிடத்தான் இன்ஜினின் உச்சியை மூடும் டேப்பட் கவரிலிருந்து ஏர் கிளீனர் பக்கம் போகும் ப்ரீதர் குழாய். பழைய வண்டியில் அந்தக் குழாய்க்குள் கறுப்புக் களி உறைந்திருக்கும், அல்லது ரப்பர் ஊறி உள்பக்கமாக ஒட்டிப்போயிருக்கும். வழி அடைந்ததும் வாயு எந்த இடம் பலவீனமோ அங்கே ஆயிலைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். நேற்றுப் போட்ட புதுப் பேக்கிங்காக இருந்தாலும் தள்ளும்.

சோதிப்பது சுலபம். சூடான இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, வாயின் மேல் ஒரு மெல்லிய பாலிதீன் துண்டைக் கையால் பிடித்துப் பாருங்கள், உள்ளே விழுந்துவிடக் கூடாது. லேசாகத் துடித்தாலோ உள்பக்கம் இழுபட்டாலோ நல்லது. படபடவென்று மேலே அடித்து, கூடவே புகையும் குபுகுபுவென வந்தால் அதைத்தான் மெக்கானிக் "பேக் கம்ப்ரஷன் அடிக்குது" என்கிறார். முதலில் ப்ரீதர் குழாயைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கம்பியில் துணி சுற்றி உள்ளே தேய்த்து, ஊதிப் பாருங்கள். தொட்டால் நொறுங்கினால் புதுக் குழாய்தான், ஆயில் தாங்கும் குழாய் என்று கேட்டு வாங்க வேண்டும். சாதாரணத் தண்ணீர்க் குழாய் ஆயிலில் ஊறிப் பிசுபிசுத்துவிடும். வழி திறந்த பிறகு இரண்டு நாள் ஓட்டிவிட்டு மறுபடி பவுடர் தூவிப் பார்த்தால், நாலு இடத்துக் கசிவில் இரண்டு தானாகவே நின்றிருப்பதும் உண்டு. குழாய் சுத்தமாக இருந்தும் புகை குறையவில்லை என்றால் ரிங் தேய்மானம். கம்ப்ரஷன் கேஜ் வைத்து மூன்று சிலிண்டரையும் அளக்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கொன்று சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பேக்கிங்குக்குச் செலவழிக்கும் காசு வீண்.

டேப்பட் கவர், முதல் முறை கை வைக்க ஏற்ற இடம்

பவுடர் கோடு டேப்பட் கவரின் ஓரத்தில் தொடங்கினால் தயங்காமல் நீங்களே இறங்கலாம். சிம்மக்கல் பக்கம் ஸ்பேர்ஸ் கடையில் போய், "அண்ணே, எண்ணூறுக்கு டேப்பட் கவர் பேக்கிங்" என்றால், "கார்புரேட்டரா, எம்.பி.எஃப்.ஐ.யா தம்பி?" என்று கேட்பார்கள். எம்.பி.எஃப்.ஐ. என்பது கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் பிந்தைய மாடல். வண்டியின் வருஷத்தையும் சொல்லுங்கள். கவர் போல்ட்டுக்கு அடியில் வரும் ரப்பர் வாஷர்களையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். பேக்கிங்கை மாற்றி, இறுகிப்போன பழைய வாஷரையே திரும்பப் போட்டால் போல்ட் தலை வழியாகவே ஆயில் வரும். வாங்கும் முன் பேக்கிங்கை விரலில் வளைத்துப் பாருங்கள். விட்டவுடன் பழைய உருவத்துக்குத் திரும்ப வேண்டும். கடையில் வருஷக்கணக்கில் ஆணியில் தொங்கிய பேக்கிங் தொங்கிய இடத்திலேயே நீண்டு தளர்ந்திருக்கும். கோச்சடை ஃபென்னரில் தலைமுறை தலைமுறையாக பெல்ட் செய்கிற ஊர் இது, ரப்பருக்கும் வயது உண்டு என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஆறிய இன்ஜினில் ஏர் கிளீனரையும் ப்ரீதர் குழாயையும் கழற்றி, கவர் போல்ட்களை ஓரத்திலிருந்து நடுவாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். கவர் ஒட்டிக்கொண்டிருந்தால் பக்கவாட்டில் மரச்சுத்தியலால் தட்டினால் விட்டுவிடும். ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பக் கூடாது. ஹெட் அலுமினியம். அதில் விழும் ஒரு கீறல் அடுத்து வரும் எல்லாப் பேக்கிங்குக்கும் பகையாக இருக்கும். பழைய பேக்கிங் பிளாஸ்டிக் மாதிரி டக்கென்று ஒடிந்தால் கசிவுக்குக் காரணம் கையிலேயே கிடைத்துவிட்டது. உடைந்த துண்டுகளைச் சேர்த்து வைத்து முழு வளையம் ஆகிறதா என்று பாருங்கள். ஆகவில்லை என்றால் மீதித் துண்டு உள்ளே கிடக்கிறது, அதைத் தேடி எடுக்காமல் மூடக் கூடாது.

கவரின் பள்ளத்தையும் ஹெட்டின் மேல்முகத்தையும் பழைய வேட்டித் துணியால் துடையுங்கள். பனியன் வேஸ்ட் வேண்டாம், நூல் பிரிந்து ஒட்டும். பழைய ஆள் போட்ட அனபாண்ட் ஒட்டியிருந்தால் பிளாஸ்டிக் தகட்டால், நகத்தால் சுரண்டுங்கள். சுரண்டும்போது கேமுக்கு அடியில் ஆயில் இறங்கும் ஓட்டைகளைத் துணியால் அடைத்துவிட்டு, முடிந்ததும் துணியை எண்ணி எடுங்கள். பிறகு கவரை ஒரு கண்ணாடியின் மேல் கவிழ்த்து வைத்து ஆட்டிப் பாருங்கள். தடதடவென்று ஆடினால் முன்பு யாரோ முறுக்கிய முறுக்கில் அது வளைந்திருக்கிறது. வளைந்த கவரில் எத்தனை பேக்கிங் போட்டாலும் நிற்காது.

கடைசியில் இறுக்கும் வேலை. புதியவர் கை அதிகம் கெடுப்பது இங்கேதான். கசியக் கூடாது என்ற பயத்தில் கை தானாக அழுத்தும். இந்தக் கவர் போல்ட்டுக்கு வேண்டியது சுமார் 5 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் இப்படி நினைத்துக்கொள்ளுங்கள்: 10 சென்டிமீட்டர் நீளமுள்ள ராட்செட்டின் முனையில் ஒரு 5 கிலோ அரிசிப் பை தொங்கும் இழுப்பு. அவ்வளவுதான். எல்லாப் போல்ட்டையும் முதலில் விரலாலேயே அடிவரை திருகி, நடுவிலிருந்து ஓரத்துக்குக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு மூன்று சுற்றில் இறுக்க வேண்டும். ஒரு போல்ட்டை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் பேக்கிங் அந்தப் பக்கம் நசுங்கி எதிர்ப்பக்கம் தூக்கிக்கொள்ளும். இறுகிக்கொண்டே வந்த போல்ட் திடீரென்று இளகினால் நிறுத்திவிடுங்கள். அலுமினியத்தில் மரை போய்விட்டது. பெரிய போல்ட்டைத் திணிக்க வேண்டாம். லேத் பட்டறையில் ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருள் மரை போட்டுக் கொடுப்பார்கள், அது முன்பு இருந்ததைவிட உறுதியாகவே இருக்கும்.

அனபாண்ட் எங்கே, எவ்வளவு

அனபாண்டை நான் குறைசொல்லவில்லை. தமிழ்நாட்டுப் பட்டறைகளில் சீலன்ட் என்றாலே அந்தப் பெயர்தான், தன் இடத்தில் அருமையான பொருள். ஆனால் ரப்பர் பேக்கிங் இருக்கும் இடத்தில் அதற்கு வேலையில்லை. இரண்டு பாகங்கள் சேரும் மூலைகளில் மட்டும் அரிசி அளவு வைக்கலாம். பேக்கிங் முழுக்கத் தடவினால் ரப்பர் வழுக்கிப் பள்ளத்தை விட்டு வெளியே பிதுங்கும். இன்னொரு ஆபத்து பார்வைக்கே வராது. வெளியே ஒரு கோடு பிதுங்கினால் உள்ளேயும் அதே அளவு பிதுங்கியிருக்கும். அது காய்ந்து, துணுக்குத் துணுக்காக உதிர்ந்து, ஆயிலோடு சம்ப்புக்கு இறங்கி, ஆயில் பம்ப் உறிஞ்சும் சல்லடையில் ஒட்டும். சல்லடை அடைந்தால் ஆயில் பிரஷர் இறங்கும், பிரஷர் இறங்கினால் பேரிங் போகும். சொட்டுச் சொட்டாகக் கசிந்த இன்ஜின் இன்னும் பல வருஷம் ஓடியிருக்கும். அடைக்கப் போன பசை அதை ஒரே நாளில் நிறுத்திவிடும். வெளியிலிருந்து ஈரத்தின் மேல் பூசுவது இன்னும் வீண். ஆயில் படிந்த இடத்தில் எந்தச் சீலன்டும் பிடிக்காது.

சம்ப் பேக்கிங் மாற்றும்போது சீலன்ட் கேட்கும் வண்டியாக இருந்தால், இரண்டு முகத்தையும் தின்னர் தொட்டுத் துடைத்து, போல்ட் ஓட்டைகளின் உள்பக்கமாகச் சுற்றி 3 மி.மீ. கனத்துக்கு ஒரே கோடு. கோடு போட்ட பத்து நிமிடத்துக்குள் மாட்டிவிட வேண்டும். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டுத்தான் ஆயில் ஊற்ற வேண்டும். இங்கே அவசரப்பட்டு அன்று மாலையே ஊற்றித்தான் பல பேர் இரண்டாம் முறை கழற்றுகிறார்கள். தகர சம்ப்பில் முறுக்கிய முறுக்குக்குப் போல்ட் ஓட்டைகள் மேல்நோக்கிக் குழிந்திருக்கும். விளிம்பை மரக்கட்டையின் மேல் வைத்து, சிறு சுத்தியலால் தட்டிச் சமமாக்காமல் மாட்டக் கூடாது. கார்க் பேக்கிங் காய்ந்து சுருங்கி ஓட்டைகள் பொருந்தாவிட்டால், வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று நேரம் போட்டால் பழைய அளவுக்கு வந்துவிடும். ஃப்யூயல் பம்ப்பின் காகிதப் பேக்கிங் கடையில் கிடைக்காவிட்டால் பேக்கிங் ஷீட் வாங்கி, பம்ப் முகத்தின் மேல் வைத்து, ஓரங்களில் சுத்தியலின் உருண்டை முனையால் தட்டித் தட்டியே வெட்டி எடுக்கலாம். பழைய பேக்கிங்கின் கனம் எவ்வளவோ அதே கனத்தில் வெட்ட வேண்டும். கனம் மாறினால் பம்ப் அடிக்கும் தூரமே மாறும்.

வண்டிக்கு அடியில் போவது பற்றி ஒரே ஒரு வார்த்தை. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு இல்லை. இரண்டு ஜாக்கி ஸ்டாண்டு வாங்குங்கள். ஹாலோ பிளாக்கும் செங்கல்லும் பாரத்தில் முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கும். வெயிலில் இளகிய தார் ரோட்டிலும் வாசல் மண்ணிலும் ஜாக்கி ஸ்டாண்டுக்கு அடியில் கனமான பலகை போட்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

விட்டுவிட வேண்டிய இடம்

சின்னச் சின்ன இடங்களை முதலில் தீர்த்துவிடுங்கள். ஆயில் பிரஷர் சுவிட்ச்சின் பிளாஸ்டிக் தலை வழியாகக் கசிந்தால் புது சுவிட்ச் மாட்டிவிடலாம். ஆயில் ஃபில்டர் ஓரத்தில் வந்தால், பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு அதன் மேல் புதியதை ஏற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். டிரெயின் போல்ட்டில் வந்தால் அதன் வாஷர் நசுங்கியிருக்கும், ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் புது வாஷர்தான். கோடு டைமிங் பெல்ட் கவருக்கு உள்ளிருந்து வந்தால் கேம் சீலோ முன் கிராங்க் சீலோ போயிருக்கிறது. ஆயிலில் ஊறிய பெல்ட்டைத் துடைத்துத் திரும்பப் போடக் கூடாது, சீலோடு பெல்ட்டும் புதிதாக வர வேண்டும். பெல்ட்டின் குறிகளை ஒத்துவைத்துப் பழக்கமில்லாதவர் இந்த இடத்தில் பட்டறைக்குப் போய்விடலாம். போய், பக்கத்தில் நின்று மூன்று விஷயம் கேளுங்கள். சீலின் ஸ்பிரிங் பக்கம் ஆயில் இருக்கும் உள்பக்கம் பார்த்து உட்காருகிறதா, உதட்டில் ஆயில் தடவினார்களா, ஷாஃப்ட்டில் பழைய சீல் தேய்த்த பள்ளம் நகத்துக்குத் தட்டுகிறதா. பள்ளம் தட்டினால் புதுச் சீலை அதே இடத்தில் உட்காரவைக்காமல் ஓரிரு மி.மீ. தள்ளி உட்காரவைக்கச் சொல்லுங்கள்.

பவுடர் கோடு மேலே எங்கேயும் இல்லை, டிஸ்ட்ரிபியூட்டர் அடி உலர்ந்திருக்கிறது, ப்ரீதர் சுத்தம், ஆனாலும் கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் மட்டும் இன்ஜின் ஆயில் சொட்டுகிறது என்றால் ரியர் கிராங்க் சீல்தான் என்று ஏற்றுக்கொள்ளலாம். அது வாசலில் செய்யும் வேலை இல்லை. கியர்பாக்ஸ் இறங்கும் அன்றே கிளட்ச் பிளேட்டில் ஆயில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், ரிலீஸ் பேரிங்கையும் சுற்றிப் பார்த்துச் சத்தம் வந்தால் மாற்றிவிடுங்கள். இதற்காக இன்னொரு முறை கியர்பாக்ஸை இறக்குவதில் அர்த்தமில்லை. வடித்த 3 லிட்டர் பழைய ஆயிலைப் பழைய கேனிலேயே ஊற்றி மூடி, ஆயில் மாற்றும் கடையில் கொடுத்துவிடுங்கள். வாசல் சாக்கடையில் ஊற்றினால் அது கண்மாய்க்கோ வைகைக்கோதான் போய்ச் சேரும். வேலை முடிந்த ராத்திரி மறுபடி அட்டையை விரியுங்கள், ஒரு வாரத்துக்கு எடுக்காதீர்கள். முதல் இரண்டு நாள் இடுக்குகளில் தங்கியிருந்த பழைய ஆயில் நாலைந்து சொட்டு விழும், அதைப் பார்த்துவிட்டு மறுபடி ஸ்பேனரைத் தேட வேண்டாம்.